தண்டனையும் இழிவும்

மனிதர் கூடி வாழுமிடத்தில் விதிகள் தோன்றுவது இயற்கை. விதியுள்ள இடத்தில் மீறுதலும், மீறுதலுள்ள இடத்தில் தண்டனையும் உண்டு. இவை வேண்டாமென்று அறிவுடையோர் எவரும் கூறார். ஆயினும், தண்டனை என்னும் பெயரால் உலகில் நடைபெறுவன யாவும் தண்டனைதாமா என்பதே நாம் இக்கட்டுரையில் ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி. ஒருவர் தவறு செய்தாரெனின், அவரிடமிருந்து எதைப் பறிக்க நமக்கு உரிமையுண்டு? எதைப் பறிக்க உரிமையில்லை? பறித்ததை எப்பொழுது திருப்பிக் கொடுத்தல் வேண்டும்?

இவற்றைப் பொதுச் சொற்களால் மட்டும் ஆராயப் புகின், எல்லாரும் எல்லாவற்றிற்கும் தலையசைத்துவிட்டுப் போய்விடுவர். ஆகவே ஒரு பெண்மணியின் வாழ்க்கையை முன்னிறுத்தி ஆராய்வோம். தென்னமெரிக்காவிலுள்ள பிரேசில் தேசத்து ஜூடோ வீராங்கனை ரஃபயேலா சில்வா என்பார், உலகப் பட்டத்தை இருமுறையும், ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தை ஒருமுறையும் வென்றவர். அவரே போட்டியின் விதிகளால் மும்முறை கடுமையாகத் தண்டிக்கப்பட்டவருமாவார். வெற்றியும் தண்டனையும் ஒருவரிடத்தே இத்துணைத் தெளிவாகச் சேர்ந்திருத்தல் அரிது. நமது கேள்விக்கு இதனினும் பொருத்தமான வாழ்க்கையை நாம் அறியோம்.

முதலில் ஜூடோ இன்னதென்பதைச் சிறிது கூறவேண்டும். ஜப்பானியப் பேராசிரியர் ஜிகோரோ கானோ என்பவர் 1882ஆம் ஆண்டில் டோக்கியோ நகரில் கோடோக்கான் என்னும் பயிற்சிக்கூடத்தை நிறுவி, பழைய மல்வித்தைகளைத் திருத்தி இக்கலையை வகுத்தார். வலிமையை வீணாக்காது நன்கு பயன்படுத்தலும், தானும் பிறரும் ஒருங்கே நலமுறுதலும் இதன் இரு கொள்கைகள் என்று அவர் கற்பித்தார். போட்டி தொடங்குமுன் இருவரும் ஒருவருக்கொருவர் குனிந்து வணங்குவர். முடிந்த பின்னரும் வணங்குவர். வென்றவர் மட்டுமன்றித் தோற்றவரும், விதி மீறியதற்காக வெளியேற்றப்பட்டவரும் வணங்கியே மெத்தையை விட்டு இறங்குவர். எதிரே நின்றவர் தமக்குச் சமமானவர் என்பதைப் போட்டியின் முடிவு மாற்றுவதில்லை என்பதே இவ்வணக்கத்தின் பொருள் என்று நாம் கொள்ளுகிறோம். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம்.

ஜப்பானியக் குடியேறிகளின் முதற் கப்பல் பிரேசிலை அடைந்தது 1908ஆம் ஆண்டில். அவர்களோடும் அவர்களுக்குப் பின் வந்த ஆசிரியர்களோடும் ஜூடோ அந்நாட்டில் வேரூன்றியது. ஆனால் அது நெடுங்காலம் ஆண்களுக்கே உரியதாயிருந்தது. 1941ஆம் ஆண்டில் பிரேசில் அரசாங்கம் பிறப்பித்த ஒரு சட்டம், பெண்களின் இயற்கைக்கு ஒவ்வாத விளையாட்டுகளைப் பெண்கள் ஆடலாகாது என்று விதித்தது. 1965இல் அவ்விளையாட்டுகள் இன்னின்னவென்று பெயர் குறிக்கப்பட்டன. மற்போர் வகைகள் அனைத்தும் அப்பட்டியலில் இருந்தன. இத்தடை நீங்கியது 1979ஆம் ஆண்டிலேதான். ஒலிம்பிக்கில் பெண்கள் ஜூடோ பதக்கப் போட்டியாக முறைப்படி இடம் பெற்றது 1992ஆம் ஆண்டு பார்சிலோனா நகரில். அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ரியோ டி ஜனேரோ நகரில் பிறந்தவர் ரஃபயேலா சில்வா. பதின்மூன்று ஆண்டுகள் முன்னே பிறந்திருப்பின், அவர் பிறந்த வேளையில் அவருடைய கலையே அவருக்கு விலக்கப்பட்டதாயிருந்திருக்கும். விதி என்பது மனிதர் வகுப்பது. அதனைத் திருத்துவதும் மனிதரே என்பதற்கு இதுவே போதிய சான்று.

அவர் வளர்ந்தது 'கடவுளின் நகரம்' எனப் பொருள்படும் சிடாஜி டி டேயுஸ் என்னுமிடம். பெயர்தான் கடவுளின் நகரம். 1960களில், நகரின் செல்வர் வாழும் பகுதிகளுக்கு அருகே குடிசையிட்டிருந்த ஏழைகளை அகற்றித் தொலைவில் குடியேற்றுதற்கென அரசாங்கத்தார் கட்டிய குடியிருப்பு அது. வறுமையும் துப்பாக்கிச் சண்டையும் அங்கே அன்றாட நிகழ்ச்சிகளாயின. தெருவில் சண்டையிட்டுத் திரிந்த தம் மகளிரிருவரையும் பெற்றோர் ஜூடோ வகுப்பிற் சேர்த்தனர். 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஃபிளாவியோ கான்டோ என்பவர் ஏழைச் சிறார்க்கென நிறுவிய 'ரியாசோன்' நிலையமும், ஜெரால்டோ பெர்னார்டஸ் என்னும் முதிய பயிற்சியாளரும் அச்சிறுமியின் சினத்தைக் கலையாக மாற்றினர். 2011ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதில், பாரிஸ் நகரில் நடந்த உலகப் போட்டியில் 57 கிலோ பிரிவில் இரண்டாமிடம் பெற்றார்.

இனி 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்குக்கு வருவோம். ஜூலை 28ஆம் நாள் பிரேசிலின் சாரா மெனேசெஸ் 48 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். அந்நாட்டின் ஜூடோப் பெண்களுக்குக் கிட்டிய முதல் ஒலிம்பிக் தங்கம் அது; தேசமே கொண்டாடியது. இரண்டு நாட்களுக்குப் பின் சில்வா மெத்தையில் ஏறினார். ஹங்கேரி நாட்டு ஹெட்விக் கரகாஸ் என்பாரோடு பொருதுகையில், எதிராளியின் காலைக் கையாற் பற்றி வீழ்த்த முயன்றார். அது விலக்கப்பட்ட செய்கை. மத்தியஸ்தர்கள் அவரை உடனே வெளியேற்றினர்.

காலைக் கையாற் பற்றுதல் பழைய ஜூடோவில் முறையாகக் கற்பிக்கப்பட்ட ஒன்றுதான். போட்டியாளர்கள் குனிந்த நிலையிலேயே நின்று காலை நோக்கிப் பாய்வதால், நிமிர்ந்து நின்று பிடித்து எறியும் ஜூடோவின் இயல்பு குன்றுகிறதென்று கருதிய சர்வதேச சம்மேளனத்தார், 2010இல் அதனைக் கட்டுப்படுத்தினர்; பின்னர் 2013இல் முற்றிலும் விலக்கினர். ஆகவே லண்டனில் சில்வா செய்தது இரண்டாண்டுக்கு முன்வரை குற்றமன்று. இதைக் கொண்டு, அவர் வெளியேற்றப்பட்டது அநீதி என்று வாதிப்பாருமுண்டு. அவ்வாதத்தை நாம் ஏற்கவில்லை. விதி முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது. மெத்தையில் ஏறிய எல்லார்க்கும் அது ஒன்றாகவே இருந்தது. ஹங்கேரியப் பெண்ணும் அவ்விதிக்குக் கட்டுப்பட்டே போரிட்டார். விதியை மதித்தவரின் உரிமையைக் காப்பதற்கு மீறியவரை வெளியேற்றுவதன்றி வேறு வழியில்லை. ஆகவே, அன்று அவருக்குக் கிடைத்த தண்டனை கடுமையானதேயாயினும் நியாயமானதே என்பது நமது முடிபு.

ஆனால் அன்றிரவு நடந்தது வேறு. அவருடைய சொந்த நாட்டார் சிலர் இணையத்தின் வழியே அவரைக் குரங்கென்று ஏசினர். குரங்குக்குரிய இடம் கூண்டென்றும், ஒலிம்பிக் களமன்றென்றும் எழுதினர். இருபது வயதுப் பெண்ணொருத்தி, அயல்நாட்டில், வாழ்நாள் முயற்சியெல்லாம் ஒரு நொடியில் இழந்து நின்ற வேளையில் இச்சொற்களைப் படித்தாள். அவரும் சினந்து கடுஞ்சொற்களால் மறுமொழி எழுதினார்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். மத்தியஸ்தர்கள் செய்ததும் ஏசியவர்கள் செய்ததும் ஒரே குற்றத்துக்கான இரு தண்டனைகளா? அல்லவே அல்ல. மத்தியஸ்தர்கள் அவர் கை செய்த காரியத்தைக் கண்டனர். அதற்கு விதி வகுத்த அளவையே கொடுத்தனர். போட்டி முடிந்ததும் அவர்களுடைய அதிகாரமும் முடிந்தது. அவ்வம்மையார் அடுத்த போட்டிக்கு வருவதை அவர்கள் தடுக்கவில்லை. ஏசியவர்களோ அவர் கையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. தோலின் நிறத்தைப் பேசினர். அதே தவற்றை வெண்ணிறத்தாள் ஒருத்தி செய்திருப்பின் குரங்கென்னும் சொல் அவர்கள் வாயில் எழுந்திராது. எனவே அச்சொல்லுக்குக் காரணம் தவறன்று. தவறு ஒரு சாக்கு மாத்திரமே. உள்ளே நெடுநாள் கிடந்த நஞ்சு வெளிவருவதற்கு அது ஒரு வாயிலைத் திறந்துவிட்டது.

அந்த நஞ்சு எங்கிருந்து வந்ததென்பதை அந்நாட்டுச் சரித்திரம் கூறும். அமெரிக்கக் கண்டங்களில் அடிமைமுறையைக் கடைசியாக ஒழித்த நாடு பிரேசில். 1888ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள்தான் அச்சட்டம் பிறந்தது. மனிதரை விலைக்கு வாங்கி விற்றவர்கள், தம் செய்கையைத் தமக்கே நியாயப்படுத்திக் கொள்ளும் பொருட்டு, விற்கப்பட்டவர் மனிதரிற் குறைந்தவர் என்று சொல்லிக்கொண்டனர். சந்தை மூடப்பட்டது, சொல் மூடப்படவில்லை. பிறப்பினால் ஒருவரை இழிந்தவரென்னும் வழக்கம் எந்நாட்டில் எப்பெயரோடு வழங்கினும் அதன் இயல்பு இதுவே. அது எப்பொழுதும் வெளிப்படையாக வருவதில்லை. ஒழுங்கைக் காப்பதாகவும், தவற்றைக் கண்டிப்பதாகவும் வேடம் பூண்டு வரும்.

ஆகவே தண்டனைக்கும் இழிவுக்குமுள்ள வேற்றுமையை நாம் மூன்று கூறாகக் காண்கிறோம். தண்டனை செய்கையைப் பற்றியது. இழிவு பிறப்பைப் பற்றியது. தண்டனைக்கு அளவுண்டு, இழிவுக்கு அளவில்லை. தண்டனைக்கு முடிவுண்டு; செய்கை முடிந்துவிடும், பிறப்பு முடியாதாகையால் இழிவுக்கு முடிவே இல்லை.

சில்வா அம்மையார் சில மாதங்கள் மனமுடைந்து ஜூடோவையே துறந்துவிட எண்ணினார். பயிற்சியாளரும் உளநூல் வல்லுநர் ஒருவரும் அவரை மீட்டனர். 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், தாம் பிறந்த ரியோ நகரிலேயே நடந்த உலகப் போட்டியில், அமெரிக்க நாட்டு மார்ட்டி மல்லாய் என்பாரை இறுதியில் வென்று, உலகப் பட்டம் பெற்ற முதற் பிரேசில் ஜூடோப் பெண்மணியானார். 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள், சிடாஜி டி டேயுஸிலிருந்து சில மைல் தூரமேயுள்ள அரங்கில், மங்கோலிய நாட்டு சுமியா டோர்ஜ்சுரென் என்பாரை வென்று ஒலிம்பிக் தங்கம் பெற்றார். அப்போட்டிகளில் பிரேசிலுக்குக் கிட்டிய முதல் தங்கம் அதுவே. வழியில் அவர் வென்றவர்களுள் லண்டனில் எதிர்நின்ற கரகாஸும் ஒருவர். கூண்டிலிருக்க வேண்டுமென்று சொல்லப்பட்ட குரங்கு இன்று தன் வீட்டிலேயே ஒலிம்பிக் வாகை சூடியிருக்கிறது என்னும் கருத்துப்பட அவர் அன்று பேசினார்.

இவ்விடத்தில் இரண்டு தவறான முடிபுகளைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. ஏச்சுத்தான் அவரை எழுப்பியது, ஆகவே ஏச்சிலும் ஒரு நன்மையுண்டு என்பார் சிலர். நோயிலிருந்து பிழைத்தவனைக் காட்டி நோய் நல்லதென்று கூறுவதை ஒக்கும் இது. அவரை எழுப்பியது அவருக்குக் கை கொடுத்தவர்களும், அவருடைய உழைப்புமேயாம். கை கொடுப்பாரின்றி அதே ஏச்சினால் ஒடுங்கிப் போனவர்களின் பெயர்கள் எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை.

மற்றொரு முடிபு இதனினும் நுட்பமானது. ஆகவே இதனினும் தீயது. தங்கம் வென்றதனால் அவர் தம் மானத்தை நிலைநாட்டினார் என்பது அது. கேட்பதற்கு இது புகழ்மொழி போலவே தோன்றும். ஆனால் இதன் உட்பொருள் யாது? தங்கம் வெல்லாதிருந்தால் மானம் இல்லை என்பதன்றோ? 2016இல் அவர் தோற்றிருப்பின், லண்டனில் ஏசியவர்கள் சரியானவர்களாகிவிடுவார்களா? சிடாஜி டி டேயுஸில் அவரோடு தெருவில் ஓடித் திரிந்த சிறுமியர் பலர். அவர்களில் எத்துணைப் பேர் பதக்கம் பெறமுடியும்? பதக்கமில்லாதவர்க்கெல்லாம் கூண்டுதான் என்பது நமது கொள்கையாகுமா? மனிதனுடைய மானம் வெற்றிக்குக் கொடுக்கும் பரிசன்று. போட்டிக்கு முன்னும் பின்னும் நிகழும் அவ்வணக்கம் போல, அது எல்லார்க்கும் உரியது. வென்றவரைப் புகழ்வது நன்றே. ஆனால் புகழ்கிறவர்கள், அவர் தோற்ற நாளில் தம் வாயைக் காத்தவர்களாயிருத்தல் வேண்டும்.

இதுவரை வழி எளிதாயிருந்தது. இனி வருவது கடினமான பகுதி. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில், பெரு நாட்டின் லிமா நகரில் நடந்த அமெரிக்கக் கண்டப் போட்டியில் சில்வா தங்கம் வென்றார். அங்கே எடுத்த சோதனையில் ஃபெனோடெரால் என்னும் மருந்து அவர் உடலிற் காணப்பட்டது. ஆஸ்துமா நோயாளரின் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து அது. விளையாட்டு வீரர்க்கு விலக்கப்பட்டது. அம்மருந்தை உபயோகிக்கும் குழந்தையொன்றோடு தாம் விளையாடியதனால் அது தம் உடலிற் புகுந்திருக்கலாம் என்று அவர் கூறினார். அவ்விளக்கம் ஏற்கப்படவில்லை. பதக்கம் பறிக்கப்பட்டது; இரண்டாண்டுத் தடை விதிக்கப்பட்டது; 2020 டிசம்பரில் விளையாட்டு நடுவர் மன்றமும் அதனை உறுதிப்படுத்தியது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தம் பட்டத்தைக் காக்க அவரால் வர இயலவில்லை.

மருந்து பற்றிய விதியின் இயல்பு கவனிக்கத்தக்கது. வீரர் வேண்டுமென்றே உட்கொண்டார் என்று குற்றஞ்சாட்டுவோர் நிரூபிக்க வேண்டுவதில்லை. பொருள் உடலில் இருத்தலே குற்றம். அது எவ்வாறு வந்ததென்று நாட்டித் தம் பழியைக் குறைத்துக்கொள்ளும் பொறுப்பு வீரரைச் சார்ந்தது. மனத்தில் குற்றமில்லாத இடத்துத் தண்டனை தகுமா என்று கேட்பது மிகவும் நேர்மையான கேள்வி. சாதாரண நியாயஸ்தலங்களில், கருதிச் செய்ததையும் கருதாது நேர்ந்ததையும் வேறுபடுத்தி ஆராய்கிறோமே!

மறுபக்கத்தையும் கூறவேண்டும். எவர் மனத்தையும் எவரும் திறந்து பார்க்க இயலாது. நோக்கத்தை நிரூபித்தால்தான் பதக்கத்தைத் திருப்பி வாங்கலாம் எனின், கள்ளமுள்ளவர்களில் பெரும்பாலோர் தப்புவர். கள்ளமின்றிப் போட்டியிட்டவர் தோல்வியோடு வீடு திரும்புவர். அவர்க்கும் தாய்நாடுண்டு, அவர்க்கும் வாழ்நாள் முயற்சியுண்டு. ஆகவே இவ்விதி கொடிதாயினும் வேண்டுவதென்றே நாம் எண்ணுகிறோம்.

ஆனால் அதற்கொரு நிபந்தனையுண்டு. மனத்தை ஆராயாத விதி, மனத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறியதாக நாம் படித்தலாகாது. 'இப்பொருள் இவர் உடலில் இருந்தது. அது வந்த வழியை இவர் நாட்டவில்லை' என்பதே அத்தீர்ப்பின் சாரம். 'இவர் வஞ்சகர்' என்பது அதில் எழுதப்படவில்லை. எழுதப்படாததை நாமே எழுதிக்கொண்டு, அதனைத் தீர்ப்பென்று உலகிற்குச் சொல்லுவோமாயின், நாம் நீதிபதியின் இருக்கையில் திருட்டுத்தனமாக ஏறியவர்களாவோம். விளக்கத்தை நம்புகிறவர் நம்பட்டும், ஐயுறுகிறவர் ஐயுறட்டும். தீர்ப்பு எவ்வளவு சொல்லிற்றோ அவ்வளவே தண்டனை.

தண்டனைக்கு முடிவுண்டு என்று முன்னே கூறினோம். தோட்டத்துக் காரியாலயத்தில் பெயர்ப் பதிவேடு எழுதும் நமக்கு இது அன்றாடம் கண்ணெதிரே நிற்கும் உண்மை. ஒரு தொழிலாளி ஒருநாள் வேலைக்கு வராவிடின், அந்நாளுக்குரிய கட்டத்தில் குறி இடுகிறோம். அந்நாட் கூலி அவருக்கு இல்லை. மறுநாட் கட்டமோ வெறுமையாகவே அவர் வருகைக்குக் காத்திருக்கிறது. முதல்நாட் குறியை மறுநாட் கட்டத்திலும் இட எந்தக் கிராணிக்கும் அதிகாரமில்லை. கணக்கேட்டுக்குள்ள இந்நேர்மை மனிதர் நாவுக்கு இல்லாதிருப்பது வருந்தத்தக்கது. நாவானது பழைய குறியைப் புதிய கட்டந்தோறும் இட்டுக்கொண்டே போகிறது.

தடை முடிந்ததும் சில்வா திரும்பினார். 2022ஆம் ஆண்டு அக்டோபரில் உஸ்பெகிஸ்தான் தேசத்துத் தாஷ்கண்ட் நகரில், ஜப்பானின் ஹருக்கா ஃபுனகுபோவை வென்று இரண்டாம் முறை உலகப் பட்டம் பெற்றார். தண்டனை முடிந்தபின் கதவு திறந்திருந்தமையால் இது கூடிற்று. கதவைத் திறந்து வைத்தது சம்மேளனத்தாரின் கருணையன்று. அவர்கள் விதித்த தண்டனையிலேயே அடங்கிய கடமை. இரண்டாண்டு என்று சொன்னவர் இரண்டாண்டின் முடிவில் விலகி நிற்கக் கடமைப்பட்டவர்.

2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் விதி மூன்றாம் முறை அவர்மேல் விழுந்தது. வெண்கலத்துக்கான போட்டியில், அதே ஃபுனகுபோவோடு பொருதுகையில், தலையை மெத்தையில் ஊன்றியதற்காக அவர் தோல்வியடைந்தவராக அறிவிக்கப்பட்டார். கழுத்து முறிந்து உயிருக்கே அபாயம் நேரலாமென்பதால் விலக்கப்பட்ட செய்கை அது. விதி காக்க முயன்றது அவரையேதான். சில நாட்களுக்குப் பின், ஆகஸ்டு 3ஆம் நாள், ஆண்களும் பெண்களும் கலந்த குழுப் போட்டியில் பிரேசில் இத்தாலியோடு வெண்கலத்துக்காக மோதியது. இரு குழுவும் மும்மூன்று வெற்றியோடு சமமாக நின்றன. எப்பிரிவினர் மறுபடி மோதுவதென்று குலுக்கிப் பார்த்ததில் 57 கிலோ பிரிவு வந்தது. சில்வா மெத்தையில் ஏறி வெரோனிக்கா டோனியோலோவை வென்றார். குழுவினர் அனைவர்க்கும் பதக்கம் கிடைத்தது. சில நாட்களுக்குமுன் விதியால் வீழ்ந்தவர் என்பதற்காகக் குழுவினர் அவரை ஒதுக்கவில்லை. மறுநாட் கட்டத்தை அவர்கள் வெறுமையாகவே வைத்திருந்தனர்.

அன்பர்களே! ஒலிம்பிக் மத்தியஸ்தராகும் வாய்ப்பு நம்மிற் பெரும்பாலோர்க்குக் கிட்டப் போவதில்லை. ஆனால் பிறரைத் தண்டிக்கும் அதிகாரம் ஏதோ ஓரளவில் நம் ஒவ்வொருவரிடத்தும் இருக்கிறது. தந்தையாகவோ, ஆசிரியராகவோ, மேலாளராகவோ, சங்கத்து நிர்வாகியாகவோ, வெறும் அயல்வீட்டாராகவோ அதனை நாள்தோறும் செலுத்துகிறோம். தேர்வில் தவறிய பிள்ளையிடம் நாம் சொல்லுவது அவன் விடைத்தாளைப் பற்றியதா, அல்லது அவன் குலத்தையும் தாய்தந்தையரையும் பற்றியதா? கடனைத் தீர்த்தவனை, கடன்பட்டவன் என்று இன்னும் எத்தனை ஆண்டு அழைப்போம்? சிறைத்தண்டனை முடிந்து வந்தவனுக்கு வேலை கொடாதிருப்பது எந்த நீதிபதி எழுதிய தீர்ப்பு?

கண்டிக்க வாய் திறக்குமுன் மூன்று கேள்விகளை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம். நான் பேசுவது செய்கையைப் பற்றியா, பிறப்பைப் பற்றியா? நான் கொடுப்பதற்கு அளவுண்டா? அது முடியும் நாள் எது? மூன்றுக்கும் நேரான விடை கூற முடியுமாயின், கண்டிப்பது நமது கடமை, தயங்க வேண்டாம். ஒன்றற்கேனும் விடை கூற இயலாவிடின், நாம் நீதி செய்ய நிற்கவில்லை, ஒருவரை இழிவுபடுத்தவே நிற்கிறோம் என்பதை உணர்ந்து வாயை மூடிக்கொள்வதே தகும்.